பொரிக்கு ஒரு கூண்டு

ஜூன் 5, வியாழன்

நாய்க்குட்டி வாங்கிவிட்டேன். லேப்ரடார், ஆண், பிறந்து இரண்டு மாதம். சூலூரில் ஒரு வீட்டில் போட்ட குட்டிகளில் கடைசியாக மிஞ்சியது. தாரணி பள்ளியில் சேர்ந்த வருஷத்திலிருந்து நாய் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது நான்தான் கூடாது என்றேன். இப்போது வாங்கியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தனியாக இருக்கிறவனுக்கு வீட்டில் ஓர் உயிர் நடமாடினால் நல்லது என்று கம்பெனியில் சொன்னார்கள். வாங்கினேன்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும் பகலில் தாரணி என்னோடு இருக்கலாம் என்பது கோர்ட் உத்தரவு. பத்து வயதுப் பெண் தன் அப்பாவைப் பார்க்க ஒரு நீதிபதி நாள் குறித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. போன மாதம் வந்தவள் வந்ததிலிருந்து சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஞாயிறு அப்படி இருக்கமாட்டாள்.

ஜூன் 6, வெள்ளி

ஹால், சமையலறை, என் செருப்பு. மூன்று இடத்திலும் அசிங்கம் செய்துவைத்திருக்கிறது.

கூண்டில் விட்டுப் பழக்கினால் சரியாகிவிடும் என்று இன்டர்நெட்டில் போட்டிருந்தது. சாயங்காலம் காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போனேன்.

“இருக்கறதுலயே பெருசா எடுத்துக்கங்ண்ணா. லேப் இல்லைங்களா, மளமளன்னு வளந்துரும். தாராளமா ஓடியாடி இருக்கட்டும்” என்றார் கடைக்காரர்.

“ஓடியாடறதுக்கு எதுக்குங்க கூண்டு?” என்றேன்.

அளக்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை எனக்கு. பம்ப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுதான். வெறுங்கையோடு திரும்பினேன்.

ஜூன் 7, சனி

தடுப்பூசி போட டாக்டர் ஹெப்சிபாவிடம் கொண்டுபோனேன். கூண்டைப் பற்றிக் கேட்டதும் அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எல்லாரும் வாங்கிவிட்டு வந்துதான் கேட்பார்களாம்.

“உள்ள நின்னா தலை மேல இடிக்கக்கூடாது சார். உடம்ப வளைக்காம ஒரு சுத்து திரும்பணும். காலை நீட்டிப் படுக்கணும். இந்த மூணும் முடிஞ்சா அதான் சரியான அளவு. மூக்குல இருந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் அளந்து, கூட நாலு அங்குலம் சேத்துக்குங்க. உயரத்துக்கும் அதே மாதிரி.”

“அதுக்கு மேல பெருசா இருந்தா?”

“ஒரு மூலையில மூத்திரம் போயிட்டு இன்னொரு மூலையில போய்ப் படுத்துக்கும். படுக்கிற இடத்தை எந்த நாயும் அசிங்கம் பண்ணாது. அதுனாலதான் அளவா இருக்கணும்னு சொல்றோம்.”

இதைத்தான் நான் ஆயுசு பூராவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேவைக்கு மேல் இடம் கொடுத்தால் ஒழுங்கு கெட்டுப்போகும். நாய் என்ன, மனுஷர் என்ன.

அங்கேயே மேஜைமேல் நிறுத்தி டேப் வைத்து அளந்தேன். நீளம் பதினாறு அங்குலம், உயரம் பத்து. மாதாமாதம் புதுக் கூண்டு வாங்கமுடியாது, வளர்ந்த நாய்க்கான பெரிய கூண்டே வாங்கிவிடுங்கள், நடுவில் கழற்றி மாட்டுகிற கம்பித் தடுப்பு ஒன்று வரும், குட்டி வளர வளர அதைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். நல்ல ஏற்பாடு.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். “முதல் நாள்லயே கதவ மூடிறாதீங்க. சாப்பாட்ட உள்ள வைங்க, அதுவா போகட்டும், அதுவா வரட்டும். கோவத்துல மட்டும் உள்ள தள்ளவே கூடாது. அது அதுக்கு வீடு சார், ஜெயில் இல்ல.”

சாயங்காலமே கூண்டு வாங்கி ஹால் மூலையில் பொருத்தி நிறுத்திவிட்டேன். தடுப்பு சரியாக இருபது அங்குலத்தில். பார்க்கவே திருப்தியாக இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

தாரணியை அவள் அம்மா வசுமதிதான் கூட்டிவந்தாள், ஆட்டோவிலிருந்து இறங்கவில்லை. தாரணி மட்டும் மாடியேறி வந்தாள். குட்டியைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

“நம்முளதாப்பா?”

“நம்முளதுதான்.”

டைகர் என்று பெயர் வைத்திருந்தேன். அவள் குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பொரி கலர்ல இருக்குது. பொரின்னு கூப்பிடலாங்களாப்பா?” என்றாள். சரி என்றேன். எங்கள் குடும்பத்தில் வேறு எந்த அப்பாவும் இவ்வளவு சுலபத்தில் சரி சொல்லியிருக்கமாட்டார்.

சாப்பிடும் நேரத்தில் குட்டியைக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். முனகியது. தாரணி சோற்றைப் பிசைந்துகொண்டே கூண்டைப் பார்த்தாள்.

“கதவு மூடணுமாப்பா?”

“பழக்கறதுன்னா அப்படித்தான்.”

கடிகாரத்தை இன்றைக்கு அவள் பார்க்கவே இல்லை.

ஜூன் 12, வியாழன்

கூண்டுக்குள் சுத்தம். வீட்டிலும் சுத்தம். கதவைத் திறந்துவைத்து நாள்கணக்கில் காத்திருப்பதெல்லாம் வீட்டில் சும்மா இருப்பவர்களுக்குச் சரிப்படும். காலையில் வேலைக்குப் போகும்போது உள்ளே விடுகிறேன், வந்து திறக்கிறேன். மத்தியானம் மட்டும் கீழ்வீட்டு ருக்மணியக்கா மாற்றுச்சாவியில் வந்து வெளியே விட்டுத் தண்ணீர் வைக்கிறார்.

வசுமதியின் வக்கீல் பேப்பரில் என்னைப் பற்றி எழுதியிருந்த வார்த்தைகளை இன்று ஏனோ நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதக் குட்டி ஒரு வாரத்தில் புரிந்துகொள்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

இன்று நல்ல நாள். தாரணி துணியில் முடிச்சுப் போட்டு ஒரு பொம்மை செய்து கொண்டுவந்திருந்தாள். மொட்டைமாடியில் அவளும் பொரியும் ஓடினார்கள். எனக்கு முட்டி வலி, உட்கார்ந்து பார்த்தேன். கிளம்பும்போது அவளாகவே கேட்டாள்: “அடுத்த தடவ இன்னும் சீக்கிரமா வரட்டுங்களாப்பா?”

இதை எழுதிவிட்டு மறுபடி ஒருமுறை படித்துப் பார்க்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

பொரி வளர்ந்துவிட்டது. காது நீண்டிருக்கிறது, கால்கள் அதைவிட நீளம். தடுப்பை நகர்த்தவேண்டும். ஆனால் நகர்த்தினால் மறுபடி மூலையில் மூத்திரம் போக ஆரம்பித்தாலும் ஆரம்பிக்கும். இப்போது ஒரு சொட்டு இல்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

ருக்மணியக்கா படியில் நிறுத்திச் சொன்னார்: “ஏனுங்க தம்பி, குட்டி நீங்க போனதுக்கப்புறம் ஒரே கத்தாக் கத்துதுங்க. உள்ள திரும்பவே முடியல போல இருக்குது. நா வேணா பகல்ல கீழயே வெச்சுக்கட்டுங்களா?”

வேண்டாம் என்றேன். இரண்டு வீட்டில் வளர்ந்தால் எந்த வீட்டுச் சொல்லையும் கேட்காது. கூண்டைச் சுற்றிப் பழைய பெட்ஷீட் ஒன்றைப் போர்த்தியிருக்கிறேன். சத்தம் குறைந்திருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தாரணி வந்ததும் பெட்ஷீட்டை விலக்கினாள். பொரி உடம்பை மடக்கித் தலையைத் தாழ்த்தி நின்றுகொண்டிருந்தது. மூக்கின் மேல் கம்பி உரசிய இடத்தில் சின்னதாக ஒரு புண், காய்ந்துகொண்டிருந்தது. பெரிய விஷயமில்லை.

“ஏம்ப்பா இது குனிஞ்சே நிக்குது?”

“சோம்பேறி” என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவளுக்காக உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் கம்பிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கூண்டுக்குள் பாதி உடம்பை விட்டுக்கொண்டு தடுப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். கேட்காமல். குரலை உயர்த்தினேன். அவ்வளவுதான் செய்தேன், குரலை உயர்த்தினேன். அந்தச் சத்தத்தில் பொரி தரையிலேயே மூத்திரம் போய்விட்டது. ஒரு மாதமாகப் பழக்கியதெல்லாம் ஒரு நிமிஷத்தில் போயிற்று. பிடரியைப் பிடித்து உள்ளே தள்ளிக் கொக்கியை மாட்டினேன். தடுப்பையும் பழைய இடத்திலேயே மாட்டினேன்.

தாரணி சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

“அம்மாவயும் இப்பிடித்தான உள்ள போட்டீங்க.”

“உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா?”

“நான் வெளியதான் இருந்தேன். நீங்க சொல்லாம திறக்கக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீங்க. அம்மா கதவத் தட்டிட்டே இருந்தாங்க. நான் திறக்கல.”

வறுவல் அப்படியே இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கு நடந்தது இதுதான். வசுமதிக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது, போய்ச் சேரவேண்டிய நாள். காலையிலேயே வாக்குவாதம். கத்தினாள். கொஞ்சம் அடங்கட்டும் என்றுதான் படுக்கையறையை வெளியே தாழ்போட்டேன். கம்பெனியில் ஆடிட். வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன். சாயங்காலம் வந்து நானேதான் திறந்தேன். உள்ளே ஃபேன் இருந்தது. தண்ணீர் இருந்தது. தாரணிக்கு ஹாலில் டிவி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். ஏழு வயதுக் குழந்தைக்கு அந்தத் தாழ் எட்டாது என்று கோர்ட்டில் பேசினார்கள். வீட்டில் ஸ்டூல் இருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

வசுமதி போன் செய்தாள். நேரடியாகப் பேசிப் பல மாதம் ஆகிறது.

“பாப்பா வரமாட்டேங்கறா.”

“கோர்ட் உத்தரவு இருக்குது.”

“இருக்குதுங்க. நான் போகாதேன்னு சொல்லல. ஞாயித்துக்கெழம வருதுன்னா சனிக்கெழமையே சாப்பிடமாட்டேங்கறா. நான் என்ன பண்ணட்டும்?” பிறகு சொன்னாள்: “அந்தக் குட்டிய மட்டும் குடுத்துருவீங்களான்னு கேக்கறா.”

“பாக்கணும்னா இங்க வந்து பாக்கட்டும். குட்டி எங்கயும் போகாது.”

அவள் வைத்துவிட்டாள். நான் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. வீடு இங்கேதான் இருக்கிறது. நாய் இங்கேதான் இருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

யாரும் வரவில்லை. கோழி எடுத்துச் சமைத்திருந்தேன். பொரிக்குக் கொஞ்சம் போட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மாற்றுச்சாவியை ருக்மணியக்காவிடமிருந்து வாங்கிவிட்டேன். வேலையிலிருந்து சீக்கிரம் வந்தால், குட்டி அவர் வீட்டுச் சமையலறையில் காலைப் பரப்பிக்கொண்டு தூங்குகிறது. தினமும் இதுதான் நடந்துகொண்டிருந்திருக்கிறது. “பாவங்க தம்பி, வாயில்லாத சீவன்” என்றார். சாவியைக் கேட்டேன். கொடுத்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

வேலை முடிந்து வந்து பெட்ஷீட்டைத் தூக்கினால் கம்பியெல்லாம் ரத்தம். கதவுக் கம்பியைக் கடித்து வளைக்கப் பார்த்திருக்கிறது. முன்பல் ஒன்று உடைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கடிப்பதை நிறுத்திவிட்டு வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தது. ஒரு சத்தம் போடவில்லை.

ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். வழியெல்லாம் சட்டை ரத்தத்தில் நனைந்தது.

டாக்டர் ஹெப்சிபா வாயைத் துடைத்துக்கொண்டே, “தடுப்ப எப்ப சார் கடைசியா தள்ளி வெச்சீங்க?” என்றார்.

மேஜையிலிருந்த டேப்பை எடுத்து அவரே அளந்தார். இருபத்தாறு அங்குலம். டேப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“இருபது அங்குலத்துக்குள்ள இத வெச்சிருக்கீங்க. அளந்து வாங்கின ஒரே ஆளுன்னு உங்களப் பத்தி வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருந்தேன் சார்.”

“உள்ள ஒரு சொட்டு அசிங்கம் பண்ணல டாக்டர்.”

“ஆமா. பயத்துல அடக்கிட்டு இருந்திருக்கு.”

வீட்டுக்கு வந்ததும் தடுப்பை மொத்தமாகக் கழற்றிவிட்டேன். மாடிப்படிக்கு அடியில் போட்டேன். பெட்ஷீட்டையும் எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

கூண்டு முழுவதும் இப்போது அதற்குத்தான். நாற்பத்திரண்டு அங்குலம். கதவும் பகலெல்லாம் திறந்தே இருக்கிறது. ஆனால் தடுப்பு முன்பு இருந்த இடத்தைத் தாண்டி அது போவதில்லை. அந்த ஓரத்திலேயே சுருண்டு படுக்கிறது. மறுபக்கத்தில் பிஸ்கட் வைத்துப் பார்த்தேன். கழுத்தை மட்டும் நீட்டி எடுக்கிறது, பின்கால் நகர்வதில்லை.

ஒரு நல்ல விஷயம். நான் சாவி போடும் சத்தம் கேட்டதும் எங்கே இருந்தாலும் தானாகவே கூண்டுக்குள் போய்விடுகிறது. சொல்லவே வேண்டியதில்லை. பழகிவிட்டது. டாக்டரிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வரவில்லை. வசுமதியிடமிருந்து ஒரு மெசேஜ்: இருபத்துநாலாம் தேதி அழைத்து வருகிறேன், ஆனால் போகும்வரை நான் கீழ்வீட்டில் இருப்பேன், சம்மதமா?

என் வீட்டுக்கு என் பெண் வர எனக்கே நிபந்தனை. சம்மதம் என்று அனுப்பினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தாரணி வந்தாள். செருப்பை வாசலில் ஜோடியாகக் கழற்றி வைத்தாள்.

“ஜூஸ் குடிக்கறயா கண்ணு?”

“சரிப்பா.”

“ஆப்பிளா, மாதுளையா?”

“எதுன்னாலும் சரிப்பா.”

மாதுளை கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். டிவி பார்க்கிறாயா என்றேன். சரிப்பா. நிறுத்திவிடவா என்றேன். சரிப்பா. சோபாவின் ஓரத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு அடக்கமாகிவிட்டாள் என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாதுளை அவளுக்குப் பிடிக்காது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

பொரி அவள் காலடியில் படுத்திருந்தது. “எப்பிடிப் பழகிருச்சு பாரு” என்று சொல்லிவிட்டு, சாவிக்கொத்தை எடுத்து ஒருமுறை ஆட்டினேன். பொரி எழுந்து வயிறு தரையில் உரச நடந்து கூண்டுக்குள் போனது. அந்த ஓரத்தில் சுருண்டது. அதன் அடியிலிருந்து மூத்திரம் மெல்லப் பரவி வெளியே வந்தது.

தாரணி சட்டென்று எழுந்தாள். “நான் தொடச்சர்றேம்ப்பா, நான் தொடச்சர்றேன், அது தெரியாம பண்ணிருச்சு.” சமையலறைக்கு ஓடிப்போய்த் துணி எடுத்துவந்து மண்டிபோட்டுத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே என் கைகளைப் பார்த்தாள். முகத்தை அல்ல, கைகளை.

“குட்டிய உங்கூட எடுத்துட்டுப் போறயா?” என்றேன். கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

அவள் துடைப்பதை நிறுத்தினாள். குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். என்ன பதில் சொன்னால் சரியாக இருக்கும் என்று என் முகத்தில் தேடினாள்.

“உங்களுக்கு எது வேணுமோ அதே சரிப்பா.”

“உனக்கு என்ன வேணும்னு கேக்கறேன்.”

“நீங்களே சொல்லுங்கப்பா.”

நானே பொரியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். என் கையில் மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது. ருக்மணியக்கா வீட்டு வாசலில் வசுமதி எழுந்து நின்றாள். குட்டியின் மூக்கைப் பார்த்தாள், உடைந்த பல்லைப் பார்த்தாள். வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“கூண்டும் இருக்குது, எடுத்துட்டு வரட்டுமா? பெரிய சைஸ், வளந்தாலும் பத்தும்” என்றேன்.

“வேண்டாங்க” என்றாள்.

“போயிட்டு வர்றேம்ப்பா” என்று தாரணி கை காட்டினாள். நான் உள்ளே போகும்வரை காட்டிக்கொண்டே நின்றாள்.

மாடிக்கு வந்து ஜன்னலோரம் நின்றேன். ஆட்டோ இன்னும் வரவில்லை. பக்கத்துக் காலிமனையில் பொரியை இறக்கிவிட்டார்கள். முதலில் அது நின்ற இடத்திலேயே நின்றது. தாரணி செருப்பை உதறிவிட்டு ஓடினாள். பொரி ஒரு அடி வைத்தது, இன்னொரு அடி வைத்தது, பிறகு அதுவும் ஓடியது. செடி கொடியெல்லாம் மிதித்துக்கொண்டு, ஒழுங்கே இல்லாமல், வட்டம் வட்டமாக. தாரணி கத்திக்கொண்டே சிரித்தாள். இவ்வளவு பெரிய சத்தம் அவள் தொண்டைக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வசுமதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களை வழிமறித்து நின்றாள்.

கூப்பிடலாம் என்று ஜன்னலைத் திறந்தேன். தாரணி என்று சொல்ல வாயும் திறந்தேன். கூப்பிட்டால் மூவரும் நின்றுவிடுவார்கள்.

ஆட்டோ வரும்வரை சத்தம் காட்டாமல் நின்றேன்.